பன்னிரண்டு நிமிடம்

வாரத்திலிருந்து ஒரு மணி நேரத்தைக்
கழித்துக்கொள் என்றது சட்டம்.
எந்த இடத்தில் என்பதை
எங்களிடமே விட்டுவிட்டது.

கால்புகோவில் மழைக்கால ஏப்ரல்.
சால்மன் ஆலையின் மாடியில் என் அறை.
கீழே முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்,
வெள்ளைத் தொப்பி, வெள்ளை ஏப்ரன்,
அவர்களுடைய நாற்பத்தைந்து மணி நேரம்
என் கணினிக் கட்டங்களுக்குள்.
இனி நாற்பத்து நான்கு.

"ஐந்தால் வகு" என்றார் தோன் ஏகோன்.
"நாளுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
யாருக்கும் வலிக்காது, இர்மா,
வரிசையும் நிற்காது."

வகுத்தேன். மீதியே இல்லை.
மீதி இல்லாத கணக்கின் மேல்
எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

புதிய அட்டவணையின் முதல் நாள்
ஐந்து பதினெட்டுக்கு, கதவருகே,
கைக்கடிகாரத்தோடு நின்றேன்.
கையுறை. ஏப்ரன். ரப்பர் பூட்ஸ்.
பூட்ஸுக்கு ஒரு தொட்டி, கைக்கு ஒரு தொட்டி.
நகத்துக்குள் ஏறிய செதில்.
பதினொரு நிமிடம்.
கை கழுவும் நேரத்தை வேலையில் சேர்ப்பீர்களா என்று
போன வருடமே கேட்டிருந்தார்கள்.
அப்போது நாங்கள்
கை கழுவிவிட்டோம்.

பேருந்து ஐந்தே முக்காலுக்குத்தான்.
முன்பு நான்கு நிமிடம் நின்றவர்கள்
இப்போது பதினாறு நிமிடம் நின்றார்கள்,
தகரக் கூரைக்குள் பாதிப் பேர்,
வெளியே பாதிப் பேர்.
நெல்டா மன்சீயா திரும்பிப் பார்த்தாள்:
"சட்டம் வந்துவிட்டதாமே, செனோரா.
வரும்போது குடை எடுத்து வரவில்லையா?"

சாந்தியாகோவில் வழக்கறிஞரை அழைத்தேன்.
"சூழலைப் பொறுத்தது" என்றார்.
அதற்கும் ஒரு பில் வந்தது.

பிறகு உணவுக்கூடச் சுவரில் ஒரு தாள் ஒட்டினேன்:
அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு எப்போது வேண்டும்?
பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.
மூன்று நாளில் பேனா காணாமல் போயிற்று,
தாள் நிறைந்திருந்தது.

வெள்ளி. ஐந்து மணித் தீவுப் படகு.
வெள்ளி, படகு. வெள்ளி. வெள்ளி.
திங்கள் காலை, அம்மாவுக்கு டயாலிசிஸ்.
எனக்கு நேரம் வேண்டாம், காசாகக் கொடுங்கள்.
ஒருவர் மீன் வரைந்திருந்தார்,
தோன் ஏகோனின் மீசையோடு.

"வெள்ளிக்கிழமை வரிசை நிற்குமே" என்றார் மீசைக்காரர்.
பேசவில்லை. நிறுத்தத்துக்கு அழைத்துப் போனேன்.
காரைவிட்டு இறங்காமலே பார்த்தார்.
வைப்பர் போய் வந்தது, போய் வந்தது.
பதினாறு வரை தாங்கவில்லை.
ஒன்பதாவது நிமிடத்தில்
"சரி, வெள்ளிக்கிழமை" என்றார்.

கீழே முள் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.
இடுக்கியால், ஒவ்வொன்றாக,
முள் சாய்ந்திருக்கும் பக்கமாகவே இழுப்பார்கள்.
எதிர்ப்பக்கம் இழுத்தால் சதை கிழியும்.
பதினொரு வருடமாகப் புதுச் சட்டங்களை
எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தேன்,
மேலே உட்கார்ந்தபடி?

முந்நூற்றுப் பன்னிரண்டு ஒப்பந்தத் திருத்தம்.
சம்பள மென்பொருள் நாற்பத்து நான்கை
ஏற்கவில்லை, சிவப்பில் கத்தியது.
ருப்பெர்த்தோ பய்யாகாரின் திங்கள் காலைக்கு
எந்தக் கட்டமும் இல்லை.
ஓரத்தில் கையால் எழுதி
இருவரும் கையெழுத்திட்டோம்.
குளிரில் வீங்கிய விரல்களால்
அவர் பெயர் கோட்டுக்கு வெளியே போயிற்று.
போகட்டும்.

வெள்ளி நான்கரை. சங்கு ஊதியது.
நான் ஏழு வரை இருந்தேன்.
"நிர்வாகப் பதவிக்கு நேர வரம்பு பொருந்தாது."
என் ஒப்பந்தத்தில் அந்த வரியை
நானேதான் தட்டச்சு செய்தேன்.
அதைக் கேட்க யாரும் தாள் ஒட்டவில்லை.

அடுத்து நாற்பத்திரண்டு வரும், பிறகு நாற்பது.
அட்டவணையைப் பென்சிலில்
எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

திங்களன்று மேசையில் அந்தப் பேனா கிடந்தது,
நூலோடு.
யார் வைத்தார்களோ.
மை தீர்ந்திருந்தது.